கடலோர வீட்டில் ஒரு வாட்டர் பிளாக்: செய்முறையும் சோதனையும்

கணினி பிராசசரின் மேல் அமரும் செப்புக் கட்டைக்குள் நீரை ஓடவிட்டு, அந்த நீரை ரேடியேட்டரில் ஆறவைத்து மீண்டும் கட்டைக்கே அனுப்புவதுதான் நீர்க்குளிர்விப்பு. இதில் பிராசசரைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டையை வாட்டர் பிளாக் என்கிறோம். கடையில் கிடைக்கும் பிளாக்குகளின் நுண்ணிய வெட்டுகளை வீட்டில் செய்வது கடினம். ஆனால் ஒரு லேத் பட்டறையின் உதவியும், ஹேக்ஸாவும், பொறுமையும் இருந்தால் நன்றாகவே வேலை செய்யும் பிளாக் ஒன்றைச் செய்துவிடலாம். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம், தொண்டி என்று படகு எஞ்சின் வேலை நடக்கும் ஊர்களில் லேத் பட்டறைக்கும், பேக்கிங் ரப்பருக்கும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கும் பஞ்சமில்லை என்பது இந்தக் கடற்கரையில் இருப்பவர்களுக்குள்ள வசதி.

கூடவே ஒரு தொல்லையும் உண்டு. உப்புக்காற்று இங்கே எந்த உலோகத்தையும் சும்மா விடுவதில்லை. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காக்க ஓயாத பராமரிப்பு தேவைப்பட்டது. 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளையும் சிறப்புக் காப்புப் பூச்சையும் பயன்படுத்தியதற்கும் காரணம் அதே காற்றுதான். ஆகவே இந்த வழிகாட்டியில் வெப்பத்தைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு அரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடங்குவதற்கு முன் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்வது நல்லது. நீர்க்குளிர்விப்பு பிராசசரை அறை வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. மே மாதத்தில் அறை 34 டிகிரியில் இருந்தால் சுழலும் நீர் அதற்கும் சில டிகிரி மேலேதான் நிற்கும். கிடைக்கும் பலன் வேறு: வெப்பத்தைப் பெரிய ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், மெதுவாகச் சுழலும் மின்விசிறியால் ஓசையின்றி வெளியேற்றலாம், கடல்பக்கச் சன்னலிலிருந்து விலகிய மூலையில் ரேடியேட்டரை வைக்கலாம். இந்த இரண்டும் தேவைப்படாதவர்கள் நல்ல காற்றுக் கூலர் ஒன்றை வாங்கிக்கொள்வதே மேல்.

செம்பைத் தேர்ந்தெடுத்தல்

பிளாக்கின் அடித்தட்டு செம்பாகவே இருக்க வேண்டும். செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்குச் சுமார் 390 வாட். பித்தளைக்கு ஏறக்குறைய 115 வாட். துருப்பிடிக்காத எஃகுக்கு வெறும் 15 வாட். பத்து சதுர சென்டிமீட்டர் பரப்பு வழியாக, 6 மி.மீ. கனத்தைக் கடந்து 100 வாட் வெப்பம் போவதாக வைத்துக்கொண்டால், செம்பில் ஒன்றரை டிகிரி வெப்பநிலை இழப்பும் பித்தளையில் ஐந்து டிகிரிக்கு மேலும் ஏற்படும். பழைய படகுச் சாமான்களில் கிடைக்கும் கனமான பித்தளைத் துண்டு கண்ணைக் கவரும். அதை வேறு வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அலுமினியம் எளிதில் கிடைக்கும், எளிதில் வெட்டலாம், வெப்பத்தையும் ஓரளவு நன்றாகவே கடத்தும். ஆனால் ஒரே நீர்ச்சுற்றில் ஓர் இடத்தில் அலுமினியமும் இன்னோர் இடத்தில் செம்பும் இருந்தால், இரண்டும் நீரின் வழியாக ஒரு மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் கரைந்துகொண்டே போகும். நீரில் உப்பு கலந்திருந்தால் இந்தக் கரைதல் விரைவாகும். விசைப்படகு எஞ்சின் வேலை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கடல்நீர் படும் பாகங்களோடு துத்தநாகத் துண்டைப் பொருத்துவது, அரிக்க வேண்டிய உப்பு முதலில் அதை அரிக்கட்டும் என்பதற்காகத்தான். கணினிக்கு அந்த ஏற்பாடு வேண்டாம். பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு அல்லது பித்தளையாக இருக்கட்டும், இணைப்புக் குழல்முனைகளும் பித்தளையாக இருக்கட்டும். விற்பனையில் உள்ள மலிவான ரேடியேட்டர்கள் பல அலுமினியத்தால் ஆனவை என்பதால், வாங்கும்போதே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

செம்புக்கு எளிய வழி, மின்பலகைகளில் பயன்படும் பஸ்பார் பட்டை. 75 மி.மீ. அகலமும் 10 மி.மீ. கனமும் உள்ள பட்டையிலிருந்து 65 மி.மீ. சதுரமாக ஒரு துண்டு போதும். பழைய இரும்புக் கடையில் வாங்கும்போது துண்டு உண்மையில் செம்புதானா என்று எடைபோட்டுப் பாருங்கள். 65 × 65 × 10 மி.மீ. செப்புத் துண்டு சுமார் 378 கிராம் இருக்கும். அதே அளவு பித்தளை 355 கிராம் அளவில் நிற்கும். செம்புப் பூச்சிட்ட அலுமினியமாக இருந்தால் 120 கிராமைக்கூட எட்டாது. எடையோடு, ஓரத்தை அரத்தால் லேசாக உராய்ந்து உள்நிறத்தையும் பார்த்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும்.

அடித்தட்டைக் கடைதல்

வீட்டில் செய்யப்படும் பிளாக்குகளில் பலவும் உள்ளே வளைந்து வளைந்து போகும் ஒற்றைக் கால்வாயோடு இருக்கின்றன. அதில் நீர் தொடும் பரப்பு குறைவு, ஓட்டத்துக்குத் தடையும் அதிகம். நான் பரிந்துரைப்பது வேறு வடிவம். தட்டின் நடுவில் 36 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. உயரமும் கொண்ட வட்டமான மேடு ஒன்றை விட்டுவிட்டு, சுற்றிலும் உள்ள பகுதியை 5 மி.மீ. கனத்துக்குக் கடைந்துவிட வேண்டும். பின்னர் அந்த மேட்டில் மட்டும் இணையான வெட்டுகளைப் போட வேண்டும். மேடு உயர்ந்து நிற்பதால் ஹேக்ஸாவின் அலகு சுற்றியுள்ள தட்டைத் தொடாமல் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புவரை தாராளமாக ஓடும். மில்லிங் இயந்திரம் தேவைப்படாது என்பதே இந்த வடிவத்தின் பெரிய வசதி.

சதுரத் துண்டைப் பிடிக்க லேத்தில் நான்கு தாடைச் சக் வேண்டும். செம்பு மென்மையானது, மழுங்கிய கருவி அதைச் சீவுவதற்குப் பதில் இழுத்துக்கொண்டு போகும். கருவியைப் புதிதாகத் தீட்டிக்கொள்ளும்படியும், சக்கின் தாடைக்கும் செம்புக்கும் இடையே மெல்லிய தகடு வைக்கும்படியும் பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். புரொப்பெல்லர் தண்டு கடைந்து பழகிய அண்ணன்மாருக்கு இது சிறுபிள்ளை வேலைபோலத் தெரியும். அதனாலேயே அவசரமாக முடித்துத் தந்துவிடுவார்கள். அளவுகளைத் தாளில் வரைந்து கொடுத்து, வேலை நடக்கும்போது வெர்னியர் காலிப்பரோடு பக்கத்தில் நிற்பது நல்லது.

இனி வெட்டுகள். மேட்டின் முகத்தில் மார்க்கர் மையைப் பூசி, அதன் மேல் 2.5 மி.மீ. இடைவெளியில் இணைகோடுகளைக் கூரிய ஊசியால் கீறிக்கொள்ளுங்கள். ஹேக்ஸா அலகு ஏறக்குறைய 1 மி.மீ. அகலத்துக்கு வெட்டும் என்பதால், இரண்டு வெட்டுகளுக்கு இடையே ஒன்றரை மி.மீ. கனத்தில் ஒரு செப்புச் சுவர் நிற்கும். வெட்டின் ஆழம் 4 மி.மீ. அலகின் பக்கவாட்டில், பல்நுனியிலிருந்து 4 மி.மீ. உயரத்தில் ஒட்டுநாடாவை ஒட்டிவிட்டால் நாடா மேட்டைத் தொடும்போது நிறுத்திவிடலாம். முதல் வெட்டுக்கு ஒரு நேரான இரும்புப் பட்டையை வைஸில் சேர்த்துப் பிடித்து வழிகாட்டியாகக் கொள்ளுங்கள். முதல் கோடு சாய்ந்தால் அதன்பின் வருவதெல்லாம் சாயும். இரண்டு மூன்று சொட்டு எண்ணெய் விட்டு, நீளமான மெதுவான இழுப்புகளாக அறுக்க வேண்டும். செம்புத்தூள் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டதும் அலகு வழுக்கத் தொடங்கும். அப்போது கம்பித் தூரிகையால் அதைத் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

எல்லா வெட்டுகளும் முடிந்தபின் ஒவ்வொன்றிலும் மடித்த எமரித் தாளைச் செருகி இழுத்துப் பிசிறுகளை நீக்குங்கள். இந்தப் பிசிறு ஒன்று கழன்று பம்பின் விசிறிக்குள் போனால் பம்பின் ஆயுள் அத்தோடு முடிந்தது.

மூடியும் ஓ-ரிங்கும்

மூடிக்கு 20 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக் துண்டு ஏற்றது. உள்ளே நீர் ஓடுவதும், குமிழி தங்குவதும், பின்னாளில் பாசி படிவதும் கண்ணுக்குத் தெரியும். அதன் அடியில் 46 மி.மீ. விட்டத்தில் 5.8 மி.மீ. ஆழத்துக்கு வட்டக் குழி ஒன்றைக் கடைய வேண்டும். செப்பு மேடு இந்தக் குழிக்குள் நுழைந்ததும் அதைச் சுற்றி 5 மி.மீ. அகலத்தில் வளையமான இடைவெளி கிடைக்கும். வெட்டுகளிலிருந்து வெளிவரும் நீர் அங்கேதான் சேரும்.

மேட்டின் தலைக்கும் குழியின் கூரைக்கும் இடையே 1 மி.மீ. ரப்பர் பேக்கிங் தாளை 36 மி.மீ. வட்டமாக வெட்டி வைக்கிறோம். அதன் நடுவில், வெட்டுகளுக்குக் குறுக்காக, 3 மி.மீ. அகலமும் 24 மி.மீ. நீளமும் உள்ள ஒரு பிளவு இருக்கும். நடுத்துளை வழியாக வரும் நீர் இந்தப் பிளவில் பாய்ந்து, வெட்டுகளின் நடுப்பகுதியில் விழுந்து, இரு பக்கமும் பிரிந்து ஓடும். பிராசசரின் சில்லு இருப்பதும் நடுப்பகுதியில்தான் என்பதால், குளிர்ந்த நீர் முதலில் அங்கே போய்ச் சேர்கிறது. குழியின் ஆழத்தை 6 மி.மீ. ஆக்காமல் 5.8 ஆக வைத்தது ரப்பர் சற்று நசுங்கி உட்கார வேண்டும் என்பதற்காக. ரப்பர் தளர்வாக இருந்தால் நீர் வெட்டுக்குள் இறங்காமல் அதன் தலைக்கு மேலாகவே நழுவி வெளியேறிவிடும். வெளியே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், குளிர்ச்சி மட்டும் வராது.

பிளவின் நீளம் 24 மி.மீ.; நடுத்துளையோ அதைவிடக் குறுகியது. ஆகவே குழியின் கூரையில், பிளவுக்கு நேர் மேலே, அதே நீளத்துக்கு 2 மி.மீ. ஆழமான பள்ளம் ஒன்றைச் செதுக்கிவிட்டால்தான் நீர் பிளவின் இரு முனைகளுக்கும் பரவும்.

நுழைவுத் துளை மூடியின் நடுவில் வரும். வெளியேறும் துளையை அதிலிருந்து 20 மி.மீ. தள்ளி, பிளவு நீளும் திசையிலேயே போட வேண்டும். அப்படிப் போட்டால் வெட்டுகளின் இரு முனைகளும் அந்தத் துளைக்குச் சமதூரத்தில் இருக்கும். ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மந்தமாகவும் நீர் ஓடாது. இரண்டு துளைகளையும் முதலில் 8 மி.மீ. அளவில் குழிவரை துளைத்து, மேலிருந்து 8 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் 11.8 மி.மீ. ஆக்கி, ஜி 1/4 (கால் அங்குல நேர்க் குழாய் மரை) அளவுள்ள டேப் என்னும் மரைவெட்டியால் மரை வெட்டவும்.

இங்கே கவனம் தேவை. குழாய்க் கடைகளில் கிடைக்கும் கால் அங்குல இணைப்புகள் பலவற்றில் மரை கூம்பாக இருக்கும். அதை அக்ரிலிக்கில் இறுக்கினால் ஆப்பு அடித்ததுபோல் மூடி பிளந்துவிடும். நேர் மரையும் அடியில் ரப்பர் வளையமும் உள்ள இணைப்பைக் கேட்டு வாங்கிக் கையால் இறுக்கினாலே போதும். அக்ரிலிக்கை ஸ்பிரிட்டாலோ அசிட்டோனாலோ துடைக்கக் கூடாது. கடைந்த இடங்களில் நுண்ணிய விரிசல்கள் ஓடிவிடும். சோப்பு நீரே போதும்.

ஓ-ரிங்குக்கு உள்விட்டம் 50 மி.மீ., தடிப்பு 2.5 மி.மீ. உள்ளதை எடுத்துக்கொண்டால், மூடியின் அடியில் 2 மி.மீ. ஆழமும் 3.3 மி.மீ. அகலமும் கொண்ட பள்ளம் வேண்டும். ரிங் ஐந்தில் ஒரு பங்கு நசுங்கும். அதுவே சரியான அளவு. மூடியையும் தட்டையும் நான்கு மூலைகளில் எம்4 திருகுகளால் இணைக்கலாம். செம்பில் 3.3 மி.மீ. துளையிட்டு மரை வெட்டும்போது, அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்றுப் பின்னே வந்து சீவலை முறித்துவிட வேண்டும். செம்பு ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. எண்ணெய் இல்லாமல் வெட்டினால் டேப் உள்ளேயே முறியும். திருகின் நுனி தட்டின் அடிப்பக்கம் துருத்தக் கூடாது.

அடிமுகத்தைச் சமப்படுத்துதல்

பிராசசரைத் தொடும் முகம் பளபளப்பதைவிடச் சமமாக இருப்பதே முக்கியம். கனமான கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டி, சில சொட்டு நீர்விட்டு, பிளாக்கை அதன் மேல் எட்டு வடிவில் தேய்க்கவும். 220 எண் தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று நுண்மையான தாள்களுக்கு ஏறலாம். ஒவ்வொரு தாளிலும் தொடங்குமுன் முகம் முழுக்க மார்க்கரால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூலைகளில் மை முதலில் அழிந்து நடுவில் தங்கினால் நடுப்பகுதி குழிந்திருக்கிறது. எல்லா இடத்திலும் ஒன்றாக அழியும்வரை அடுத்த தாளுக்குப் போகக் கூடாது. கைவிரல்களால் மேலிருந்து அழுத்தினால் பிளாக் ஆடி விளிம்புகள் உருண்டுவிடும் என்பதால், தட்டின் பக்கங்களைத் தாழப் பிடித்துத் தள்ளுங்கள்.

கடைசியில் செம்பைப் புளியால் துலக்கலாம். கறுப்பு போய்ச் செம்பின் நிறம் உடனே தெரியும். புளியோடு உப்பைச் சேர்த்துத் துலக்கும் வழக்கத்தை மட்டும் இங்கே விட்டுவிட வேண்டும். வெட்டுகளுக்குள் உப்பு தங்கினால் அரிப்புக்கு நாமே விதை போட்டதாகும். துலக்கியபின் டிஸ்டில்டு வாட்டரால் அலசி உலர்த்துங்கள். அடிமுகம் நீங்கலாக வெளிப்பக்கச் செம்புக்கு ஒரு கை வார்னிஷ் பூசிவிட்டால் கடற்காற்றில் பச்சை பிடிக்காது.

கசிவுச் சோதனை

கணினியின் பக்கத்திலேயே கொண்டுபோகாமல் செய்ய வேண்டிய சோதனை இது. ஒரு துளையை அடைத்து, மற்றொன்றில் குழாய் மாட்டி, அழுத்தமானி உள்ள சைக்கிள் பம்பால் 7 பிஎஸ்ஐ வரை காற்றேற்றுங்கள். அக்ரிலிக் என்பதால் அதைத் தாண்ட வேண்டாம். பிளாக்கை வாளி நீருக்குள் முழுகவைத்து, ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் நீவிவிட்டுக் காத்திருங்கள். நீவியபின்னும் ஒரே இடத்தில் குமிழி திரும்பத் திரும்பத் தோன்றினால் அங்கே கசிவு. ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரு முடியோ செம்புத்தூளோ காரணமாக இருப்பதுண்டு. திருகை இன்னும் இறுக்குவது தீர்வாகாது.

அடுத்து நீர்ச்சோதனை. பம்பு, ரேடியேட்டர், தொட்டி எல்லாவற்றையும் மேசைமேல் இணைத்து, ஒவ்வொரு இணைப்பின் அடியிலும் டிஷ்யூ தாளைச் சுற்றி, முழுதாக ஒரு நாள் ஓடவிடுங்கள். பம்புக்கு மின்சாரம் தர, மதர்போர்டிலிருந்து முற்றிலும் கழற்றிய பவர் சப்ளையின் 24 முள் இணைப்பில் பச்சைக் கம்பியையும் ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியையும் இணைத்தால் அது தனியே இயங்கத் தொடங்கும்.

பம்பைப் பற்றி ஒரு சொல். படகுக் கடைகளில் கிடைக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்பு சபலத்தைத் தூண்டும். அது தேங்கிய நீரை விரைவாக இறைத்துக் கொட்டுவதற்கானது. குறுகிய வெட்டுகளுக்குள் நீரைத் தள்ளும் அழுத்தம் அதற்குப் போதாது, நாள் முழுக்க ஓடுவதற்கும் அது செய்யப்படவில்லை. மணிக்கு 240 லிட்டர், 3 மீட்டர் உயரம் என்று குறிக்கப்பட்ட சிறிய பிரஷ்லெஸ் பம்பு இதற்குப் பொருத்தமானது.

ஓட்டத்தை அளக்க ஒரு லிட்டர் பாட்டிலும் கடிகாரமும் போதும். திரும்பி வரும் குழாயைத் தொட்டியின் நீர்மட்ட உயரத்திலேயே பிடித்துப் பாட்டிலை நிரப்புங்கள். தாழ்த்திப் பிடித்தால் ஓட்டம் உள்ளதைவிட அதிகமாகத் தெரியும். பாட்டில் 40 நொடியில் நிறைந்தால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் நீர், ஒவ்வொரு 70 வாட்டுக்கும் ஒரு டிகிரிதான் சூடேறும். ஆகவே ஒரு லிட்டரைத் தாண்டிவிட்டால் ஓட்டத்துக்காக மெனக்கெட வேண்டியதில்லை.

வெப்பச் சோதனை

பலர் இந்தக் கட்டத்தில் பிளாக்கை நேரே பிராசசரில் மாட்டி, திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து மகிழவோ வருந்தவோ செய்கிறார்கள். அந்த எண்ணில் பேஸ்ட் (பிராசசருக்கும் பிளாக்குக்கும் இடையே பூசும் வெப்பக் கடத்திப் பசை), பொருத்தும் அழுத்தம், ரேடியேட்டர், அறை வெப்பம் எல்லாம் கலந்திருக்கும். பிளாக் எப்படி என்று தனியே சொல்லாது. பிளாக்கை அளக்க வேண்டுமானால் வாட் கணக்கு தெரிந்த ஒரு போலி பிராசசர் வேண்டும்.

30 × 30 × 20 மி.மீ. செப்புத் துண்டில் பக்கவாட்டாக 6 மி.மீ. துளைகள் மூன்றைப் போட்டு, முப்பரிமாண அச்சுப்பொறிகளில் பயன்படும் 12 வோல்ட், 40 வாட் ஹீட்டர் குச்சிகளைப் பேஸ்ட் தடவிச் செருகுங்கள். மேல்முகத்துக்கு 4 மி.மீ. கீழே 2 மி.மீ. துளையிட்டு, கே வகைத் தெர்மோகப்பிளை (வெப்பநிலையை அளக்கும் கம்பி உணரி) வையுங்கள். மேல்முகத்தையும் பிளாக்கைப் போலவே சமப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்து 10 ஆம்பியர் இழுக்கும் என்பதால் தடித்த கம்பிகள் தேவை. பம்பு ஓடாமல் ஹீட்டரைப் போடவே கூடாது. இவ்வளவு சிறிய செம்பு 120 வாட்டில் நொடிக்கு ஏறக்குறைய 2 டிகிரி ஏறும். ஒரு நிமிடம் கவனம் சிதறினால் அக்ரிலிக் மூடி உருக்குலைந்துவிடும்.

தொடங்குமுன், நீரை அளக்கும் தெர்மோகப்பிளையும் செம்பை அளப்பதையும் ஒரே குவளை நீரில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மலிவான மானிகள் ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு டிகிரி விலகிக் காட்டும். நாம் தேடுவதே சில டிகிரி வேறுபாட்டைத்தான். பிறகு போலி பிராசசரைப் பஞ்சாலோ கண்ணாடிக் கம்பளியாலோ பொதிந்து, பிளாக்கை அழுத்திப் பொருத்தி, இரண்டு அளவுகளும் அசையாமல் நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஹீட்டரில் 11.6 வோல்ட்டும் 9.9 ஆம்பியரும் இருந்தால் வெப்பம் 115 வாட். செம்பு 54 டிகிரியிலும் பிளாக்குக்குள் நுழையும் நீர் 36 டிகிரியிலும் நின்றால், வேறுபாடு 18. அதை 115-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.16 டிகிரி. இதுவே உங்கள் பிளாக்கின் வெப்பத் தடை. 150 வாட் இழுக்கும் பிராசசர் இதன்படி நீரைவிட 24 டிகிரி மேலே நிற்க வேண்டும். உண்மையில் சில்லு நம் செப்புத் துண்டைவிட மிகச் சிறியது, வெப்பம் ஒரே இடத்தில் குவிகிறது. ஆகவே கணினியில் அதைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒரு பிளாக்கை இன்னொன்றோடு ஒப்பிட இந்த எண் நம்பகமானது.

கணக்கு சரிதானா என்று பார்க்கவும் வழி உண்டு. நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் ஓடும்போது நுழையும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் ஒரு டிகிரி சொச்சமே வேறுபாடு. மலிவு மானி அதைக் காட்டாது. குழாயைக் கிளிப்பால் நெருக்கி ஓட்டத்தை 0.3 லிட்டராகக் குறைத்தால் வேறுபாடு ஐந்தரை டிகிரிக்கு வர வேண்டும். மூன்றுதான் வருகிறது என்றால் மீதி வெப்பம் பொதிவின் வழியே காற்றில் போகிறது, அல்லது ஓட்டத்தைத் தவறாக அளந்திருக்கிறீர்கள்.

குறை எங்கே இருக்கிறது என்பதையும் ஓட்டமே காட்டிக்கொடுக்கும். ஓட்டத்தை இரட்டிப்பாக்கியதும் வெப்பத் தடை நன்றாக இறங்கினால், தடை நீர்ப்பக்கத்தில் இருக்கிறது. வெட்டுகளை நெருக்குவதாலோ பிளவைக் குறுக்குவதாலோ பயனுண்டு. ஓட்டத்தைக் கூட்டியும் எண் அசையவில்லை என்றால் தடை பேஸ்டிலோ அடிமுகத்திலோ இருக்கிறது. திரும்பவும் கண்ணாடிக்கும் தாளுக்கும் போக வேண்டியதுதான். பிளாக்கைக் கழற்றி, பேஸ்டைத் துடைத்து, மறுபடி பூசி அளந்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் எண் தாவினால், பொருத்தும் முறையைச் சரிசெய்யும்வரை வேறெந்த முடிவுக்கும் வரக் கூடாது.

கணினியில் பொருத்துதல்

மதர்போர்டின் துளை இடைவெளி, பிராசசர் அமரும் சாக்கெட்டின் வகைக்கேற்ப மாறும்: எல்ஜிஏ 1700-க்கு 78 மி.மீ. சதுரம், எல்ஜிஏ 1200-க்கும் 115எக்ஸ் வரிசைக்கும் 75 மி.மீ. சதுரம், ஏஎம்4-க்கு 54 × 90 மி.மீ. மூடியின் மேல் குறுக்காக இரண்டு எஃகுப் பட்டைகளை வைத்து, பழைய கூலரின் பின்தகட்டோடு நீளத் திருகுகளால் இணைத்து, ஒவ்வொரு திருகிலும் ஒரு சுருள்வில்லைக் கோத்துவிடலாம். வில் இருப்பதால் அழுத்தம் சமமாகப் பரவும். திருகுகளைக் குறுக்குமூலையாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். 65 மி.மீ. தட்டின் விளிம்பு பக்கத்திலுள்ள மின்தேக்கிகளையோ சாக்கெட்டின் நெம்புகோலையோ தொடுகிறதா என்று பேஸ்ட் பூசுமுன்னரே வைத்துப் பாருங்கள். தொட்டால் அந்த விளிம்பை அரத்தால் சரிக்க வேண்டும்.

சுமைச் சோதனைக்குப் பிரைம்95 போன்ற மென்பொருளை ஓட்டும்போது பத்து நிமிடத்தில் நிறுத்திவிடாதீர்கள். சுற்றில் 2 லிட்டர் நீர் இருந்தால், 100 வாட் வெப்பத்தில் அது ஒரு டிகிரி ஏற ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிடிக்கும். நீர் தன் நிலைக்கு வந்து சேர அரை மணிக்கு மேலும் ஆகலாம். அதற்குமுன் தெரியும் எண் வெறும் ஆறுதல். பிராசசரின் வெப்பநிலையைத் தனியே எழுதாமல், அறையைவிட எத்தனை டிகிரி அதிகம் என்று எழுதிவைத்தால், வாடை வீசும் டிசம்பரில் எடுத்ததையும் மே மாதத்தில் எடுத்ததையும் ஒப்பிட முடியும்.

மீன் ஏலக்கூடத்துப் பக்கத்தில் ஐஸ் எளிதாகக் கிடைக்கும் ஊர் என்பதால், அதைத் தொட்டியில் போட்டால் என்ன என்ற எண்ணம் யாருக்கும் வரும். ஒரு கிலோ ஐஸ் 100 வாட் வெப்பத்தை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. அதைவிடப் பெரிய சிக்கல், 32 டிகிரியும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில் 27 டிகிரிக்குக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் வேர்க்கும் என்பது. பிளாக்கின் அடியில் வேர்த்த நீர் சொட்டும் இடம் மதர்போர்டு.

நீரும் பராமரிப்பும்

பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு நீரைச் சுற்றில் விட வேண்டாம். தங்கச்சிமடத்து வில்லூண்டி தீர்த்தம் கடலுக்கு நடுவிலும் நன்னீராகவே இருக்கிறது. ராமேசுவரத்துக் கிணறுகள் சிலவற்றின் நீரும் நாவுக்கு இனிக்கும். நாவின் சான்று இதற்குப் போதாது. இந்தியக் குடிநீர்த் தரநிலையே லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை கரைந்த உப்புகளை ஏற்றுக்கொள்கிறது. குடிக்க அது நல்ல நீர், 1 மி.மீ. வெட்டுகளுக்கு அல்ல. பாசிக்கும் அரிப்புக்கும் காப்பாக, காருக்கான கூலன்ட்டைப் பத்தில் ஒரு பங்கு சேர்க்கலாம். எத்திலீன் கிளைகால் உள்ள கூலன்ட் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாமல் வைக்க வேண்டும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் ரேடியேட்டரின் மெல்லிய இதழ்களில் உப்பும் தூசியும் சேர்ந்து பிசுபிசுப்பான படலமாகப் படியும். காற்றடித்தால் அது போகாது. மின்விசிறியைக் கழற்றிவிட்டு, ரேடியேட்டரை நல்ல நீரால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். அடிக்கடி மின்வெட்டு வரும் இடத்தில் பம்பும் கணினியும் ஒரே பவர் சப்ளையில் இருக்கட்டும். பம்பின் சுழற்சியைக் காட்டும் கம்பியை மதர்போர்டின் விசிறி இணைப்பில் சேர்த்து, அது நின்றால் கணினி அணைந்துவிடும்படி பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) அமைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை பிளாக்கைத் திறந்து பார்ப்பது நல்லது. செம்பு பழுப்பேறியிருந்தால் அது இயல்பானது, விட்டுவிடலாம். வெட்டுகளில் பச்சை நிறப் படிவு இருந்தால் நீரில் உப்போ அமிலமோ சேர்ந்திருக்கிறது. முழுச் சுற்றையும் காலிசெய்து டிஸ்டில்டு வாட்டரால் அலச வேண்டும். வெண்ணிறத்தில் களிபோன்ற பொருள் தென்பட்டால் சுற்றில் எங்கோ அலுமினியம் கரைகிறது; அந்தப் பாகத்தைக் கண்டுபிடித்து மாற்றும்வரை கணினியை அதில் ஓட்டக் கூடாது. திறந்த பிளாக்கில் பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாமல் புதியதைப் போட்டு, மூடியதும் வாளிச் சோதனையை மீண்டும் செய்துவிடுங்கள்.